அதே ஆள்தானா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பில் உள்ள எல்லாச் செல்களும் மாறிவிடும் என்கிறார்களே, அப்படியானால் பத்து வருடத்துக்கு முன்பு இருந்த நான் வேறு ஆள்தானே?

பதில்: அந்த ஏழு வருடக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள், அது சரியல்ல. ஒவ்வொரு திசுவும் தன் வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களே தாங்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். இதயத் தசையில் 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள் புதிதாக வருகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட வருவதில்லை. பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களோ பிறந்தபோது வந்தவை. கடைசிவரை கூடவே இருப்பவை.

இதைக் கண்டறிந்த வழி அழகானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 (கார்பனின் கதிரியக்க வடிவம்) ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் தடை ஒப்பந்தம் வந்தபின் ஆண்டுக்காண்டு குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் சேரும் கார்பன் அன்றைய காற்றின் அளவைத் தாங்கியிருக்கும். அதை அளந்து, எந்த ஆண்டின் காற்றோடு பொருந்துகிறது என்று பார்த்தால் செல்லின் வயது தெரிந்துவிடும். ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரிசென் குழுவினர் 2005இல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

நரம்பணு பழையது என்பதால் மட்டும் உங்கள் கேள்வி தீராது. அதற்குள் இருக்கும் புரதங்களும் நீரும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. சரி, எல்லாமே மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘வேறு ஆள்’ என்ற முடிவு வராது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்ற கிரேக்கப் புதிரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1655இல் அதை இன்னும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது இரண்டு கப்பல். பழம்பொருள் சேகரிப்பவருக்குப் பழைய மரம் வேண்டும். அவர் இரண்டாவதைக் கேட்பார். அந்தக் கப்பலை வைத்துத் தொழில் செய்கிறவருக்கு இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்த கப்பல்தான் அவருடையது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் புதிரின் முக்கால் பங்கு கரைந்துவிடும். உயிருள்ள உடலைப் பொறுத்தவரை, பொருளை மாற்றிக்கொண்டே அமைப்பைக் காப்பதுதான் அதன் வேலை. செல் மாறுவது அது தொடர்ந்து இருக்கும் விதம்.

கேள்வி: அப்பாவுக்கு அல்சைமர். இப்போதெல்லாம் நான் யாரென்றே அவருக்குத் தெரிவதில்லை. ‘அவர் எப்போதோ போய்விட்டார், இது வெறும் உடம்பு’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அது சரியா? நன்றாக இருந்தபோது அவர் சொன்னபடிதான் இப்போதும் எல்லாவற்றையும் செய்ய வேண்டுமா?

பதில்: சரியல்ல. ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது.

உங்கள் உறவினர் சொல்வதற்குப் பின்னால், அவர்கள் அறியாமலே, ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் எழுதிய ஒரு கருத்து நிற்கிறது: கடந்தகாலச் செயலை என் செயலாக எவ்வளவு தூரம் உணர முடிகிறதோ, அவ்வளவு தூரமே நான் அதே ஆள். இதைத் தாமஸ் ரீட் 1785இல் ஒரே எடுத்துக்காட்டால் உலுக்கினார். ஒரு சிறுவன் பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்குகிறான். வளர்ந்து இளம் அதிகாரியாகிப் போரில் எதிரியின் கொடியைப் பிடிக்கிறான். அப்போது அந்த அடி நினைவிருக்கிறது. முதுமையில் தளபதியாகிறான், கொடியைப் பிடித்தது நினைவிருக்கிறது, அடி வாங்கியது மறந்துவிட்டது. லாக் சொன்னபடி பார்த்தால் சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், ஆனால் சிறுவனும் தளபதியும் வேறு வேறு. இது நிற்காது. நேரடி நினைவு தேவையில்லை. ஒன்றோடொன்று பின்னிய தொடர்ச்சி போதும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பாவின் இன்றைய நாள் நேற்றோடும், நேற்று அதற்கு முந்தைய நாளோடும் பின்னியே இருக்கிறது.

அந்தப் பின்னலில் நினைவு ஓர் இழை மட்டுமே. எச்.எம். என்று மருத்துவ நூல்களில் குறிக்கப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: தாளில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம், கையையும் தாளையும் கண்ணாடியில் மட்டுமே பார்த்தபடி, அந்த இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கோடு அங்குமிங்கும் தாண்டியது. நாளுக்கு நாள் தவறு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகச் செய்வதாகவே அவர் நம்பினார். நினைவுக்கு எட்டாததைக் கை கற்றுக்கொண்டிருந்தது.

உறவினரின் கண்ணுக்கு ஒருவர் ‘வேறு ஆள்’ ஆவது எப்போது என்று நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் 2015இல் ஆராய்ந்தார்கள். முன்மூளைச் சிதைவு நோய், அல்சைமர், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். ஆகிய மூன்றிலும் நோயாளிகளின் நெருங்கியவர்களைக் கேட்டார்கள். ‘இவர் பழைய ஆள் இல்லை’ என்ற உணர்வு முன்மூளைச் சிதைவில்தான் மிக அதிகம். அந்த உணர்வை உண்டாக்கியது பெரும்பாலும் இரக்கம், நேர்மை போன்ற ஒழுக்கக் குணங்களின் மாற்றம். மறதிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே அப்பாவிடம் எது போயிற்று என்று பார்க்கும்போதே, எது இருக்கிறது என்றும் பாருங்கள்: பேச்சில் மரியாதை, யாராவது அழுதால் திரும்பிப் பார்க்கும் பழக்கம், கேட்ட பாட்டுக்குத் தாளம் போடும் விரல்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளைக் காட்டிச் சோதித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சிறிது நேரத்தில் காட்சியை மறந்துவிட்டார்கள். சோகம் மட்டும் நின்றது. மகிழ்ச்சிக் காட்சிக்கும் அப்படியே. நீங்கள் வந்துபோனது அவருக்கு மறந்துவிடும். வந்ததால் உண்டான ஆறுதல் உடனே மறையாது. இதே காரணத்தால்தான் ‘நான் யாரு, சொல்லுங்கப்பா?’ என்று சோதிக்கக் கூடாது. விடை தெரியாத அவமானம், கேள்வி மறந்தபின்னும் உள்ளே தங்கும். ‘அப்பா, நான்தான் உங்கள் பெண்’ என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவோர்கின் 1993இல், தெளிவோடு இருந்தபோது எடுத்த முடிவே மேல், அது முழு வாழ்க்கையின் போக்கைத் தாங்கியது என்றார். ரெபெக்கா டிரெஸ்ஸர் 1995இல் அதை மறுத்து, இன்று நம்முன் இருப்பவரின் நலனே முதன்மை என்றார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒரே விதியாக எடுத்துக்கொண்டால் இரண்டுமே தவறிப்போகும். அப்பா முன்பு சொன்னவற்றைத் தாளில் எழுதிப் பிரியுங்கள். ரசனை சார்ந்தவை ஒரு பக்கம்: எந்த உடை, எந்தப் பாட்டு, எத்தனை மணிக்குத் தூக்கம். இவற்றில் இன்றைய முகக்குறிதான் தீர்ப்பு. முன்பு வெறுத்த பாட்டை இப்போது ரசித்தால் போட்டுவிடுங்கள். வாழ்க்கை முழுவதும் காத்த கொள்கைகள் மறுபக்கம்: யாரையும் ஏமாற்றக் கூடாது, அந்நியர் முன் உடை கலையக் கூடாது, உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம். இவற்றை இன்று அவர் கேட்க முடியாவிட்டாலும் காப்பாற்றுங்கள். பழைய கொள்கையைக் காப்பதே இன்று அவருக்கு வலியோ பயமோ தருகிறது என்றால் வலியைத் தணிப்பதே முதல் வேலை. வலியைச் சகிக்கக் காரணம் தேடிக்கொள்ளும் திறன் இப்போது அவரிடம் இல்லை.

கேள்வி: என் மூளையை முழுதாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், உடல் அழிந்தாலும் நான் வாழ்வேனா?

பதில்: இப்போதைக்கு அது கற்பனைதான். எந்த நரம்பணு எதோடு இணைகிறது என்ற முழு நரம்பு வரைபடம் முதலில் கிடைத்தது 302 நரம்பணு கொண்ட ஒரு சிறு புழுவுக்கு, 1986இல். பழ ஈயின் முழு மூளை, ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள், 2024இல் வெளியானது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி. வரைபடம் கிடைத்தாலும், ஒவ்வொரு இணைப்பின் வலுவும் அந்த நேரத்து வேதிநிலையும் அதில் இராது.

முடிந்தது என்றே வைத்துக்கொண்டு யோசிப்போம். இப்படிப்பட்ட சோதனைகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில்: ஸ்கேன் ஆனதும் உடல் அழிகிறது, நகல் விழிக்கிறது. பலரும் ‘நான் பிழைத்தேன்’ என்பார்கள். அடுத்து: நகல் விழிக்கிறது, ஆனால் உடல் அழியவில்லை, நீங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போது ‘நகல்தான் இருக்கிறதே, உங்களை அழித்துவிடலாமா?’ என்று கேட்டால் ஒப்புவீர்களா? மாட்டீர்கள். நகலுக்குள் நடந்தது இரண்டு முறையும் ஒன்றுதான், மாறியது உங்கள் உடலின் கதி மட்டும். மூன்றாவது: உடல் அழிந்து இரண்டு நகல் விழிக்கின்றன. இரண்டுக்கும் ஒரே உரிமை. ஆனால் இருவர் ஒரே ஆளாக இருக்க முடியாது.

தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் இங்கிருந்து ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்: ‘அது நானா?’ என்பதற்குச் சில சமயம் விடையே இல்லை, அதனால் கவலையும் வேண்டாம். என் எண்ணங்களும் நோக்கங்களும் தொடர்கின்றனவா என்பதே முக்கியம். பாதிவரை நான் அவரோடு போவேன். செய்து முடிக்காத வேலையைப் பற்றிய கவலை என்றால் நகல் போதும். நாளைக்கு எனக்கு வலிக்குமா என்ற கவலை வேறு வகை. அதற்கு ‘உன்னைப் போன்ற ஒருவர் இருப்பார்’ என்பது விடையாகாது.

கேள்வி: ‘என் உடல்’ என்று சொல்கிறோம். சொந்தக்காரரும் சொத்தும் ஒன்றாக முடியாது. ஆன்மா வேறு என்பதற்கு இது போதாதா?

பதில்: இந்த வாதம் 13ஆம் நூற்றாண்டின் சிவஞானபோதத்தில், மூன்றாம் சூத்திரத்தில் இருக்கிறது. தனியாக எடுத்தால் பலவீனமானது. ‘என் உயிர்’, ‘என் ஆன்மா’ என்றும்தான் சொல்கிறோம், அவற்றுக்கும் அப்பால் ஒரு சொந்தக்காரரைத் தேட வேண்டிவரும். நூலை எழுதிய மெய்கண்டார் அதை மட்டும் நம்பவில்லை. அதே சூத்திரம் அடுக்கும் காரணங்களில் வலுவானது ஐம்புலன் பற்றியது: கண் ஒலியை அறியாது, காது நிறத்தை அறியாது, ஆனால் பார்த்ததும் கேட்டதும் ஒன்றே என்று அறிகிறது ஏதோ ஒன்று. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினரும் இதே வழியில்தான் வாதிட்டார்கள். புலன்கள் தரும் துண்டுகள் மூளையில் ஓரிடத்தில் கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் அனுபவம் ஒன்றாகத்தான் இருக்கிறது. மூளை ஆய்வாளர்களை இன்றும் விடாத கேள்வி அது.

கேள்வி: மூளையை இரண்டாகப் பிரித்தால் இரண்டு மனம் உண்டாகுமா?

பதில்: கடும் வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி இழைகள் கொண்ட நரம்புக் கற்றையைச் சிலருக்கு வெட்டியிருக்கிறார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகா குழுவின் ஒரு சோதனையைப் பாருங்கள். பேசும் இடது மூளைக்கு ஒரு கோழிக்காலின் படம். பேச முடியாத வலது மூளைக்குப் பனி மூடிய வீட்டின் படம். எதிரே உள்ள அட்டைகளில் பொருத்தமானதைக் காட்டச் சொன்னார்கள். இடது மூளை இயக்கும் வலது கை கோழியைக் காட்டியது. வலது மூளை இயக்கும் இடது கை மண்வாரியைக் காட்டியது, பனியை அள்ள. ‘ஏன் மண்வாரி?’ என்று கேட்டார்கள். பனியைப் பார்த்தறியாத இடது மூளை தயங்கவே இல்லை: கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே!

இரண்டு மனம் என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில் இப்படிப்பட்ட நோயாளிகள் இருவர், பார்வையின் எந்தப் பக்கம் பொருள் தோன்றினாலும் எந்தக் கையாலும் அதைக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட அந்தக் கொட்டகைப் பதில்தான் பெரிய பாடம். அது பொய் அல்ல. சொன்னவர் மனதார நம்பினார். நம் மூளையும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே ‘நான் ஏன் இப்படிச் செய்கிறேன்?’ என்று உங்களையே கேட்டால் கிடைப்பது பொருத்தமான கதை. ‘எப்போது, எங்கே, யார் இருக்கும்போது செய்கிறேன்?’ என்று குறித்துவந்தால் காரணம் தானே தெரியும்.

கேள்வி: உரையாடும் கணினி நிரல்களுக்கு உணர்வு உண்டா?

பதில்: பேச்சை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மனிதரைப் போலப் பேசினால் அதுவே போதும் என்ற பாதையைக் கணினி முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் திறந்தார். விதிப்படி எழுத்துகளை மாற்றி அடுக்கினால் பொருள் புரிந்ததாகிவிடாது என்று தத்துவவாதி ஜான் சேர்ல் 1980இல் மறுத்தார். இந்த நிரல்கள் மனிதர் எழுதியதைப் படித்துப் பழகியவை. ‘எனக்கு வலிக்கிறது’ என்ற வாக்கியம் வலி இல்லாமலும் அவற்றிலிருந்து வரும். வாக்கியம் சான்றாகாது, சான்று வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

கேள்வி: லாட்டரியில் ஜெயித்தவரும் விபத்தில் முடங்கியவரும் ஒரு வருடத்தில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுவார்கள் என்பது உண்மையா?

பதில்: இல்லை. இந்த இரு தரப்பையும் ஒப்பிட்ட 1978 ஆய்வு ஒன்றைத் தவறாகச் சொல்வது இது. 5க்கு அளந்த அந்தக் கணக்கில் பரிசு பெற்ற 22 பேரின் சராசரி 4.00, சாதாரண மக்கள் 3.82; முடங்கியவர்கள் 29 பேர், 2.96. பரிசு பெரிதாக உயர்த்தவில்லை என்பது சரி; முடக்கம் குறைக்கவே செய்தது. துன்பத்தில் இருப்பவரிடம் ‘பழகிப்போகும்’ என்று இந்த ஆய்வைக் காட்டாதீர்கள்.

கேள்வி: என் வாழ்க்கை நன்றாகப் போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால் எல்லாம் சரி, ஆனால் நாள் முழுக்கச் சலிப்பு. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் செய்த சோதனை இது. 14 டிகிரி குளிர்நீரில் ஒரு கையை 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடி, எடுக்காமல் மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும், அப்போதும் வலிதான். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது 69 சதவீதம் பேர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். நினைவு நேரத்தை எண்ணுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘நினைத்துப் பார்த்தால் சரி’ என்பது உச்சங்களின் தீர்ப்பு. சலிப்பு, மணிநேரங்களின் தீர்ப்பு.

இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். கைப்பேசியில் நாளுக்கு ஐந்து அலாரம், எதிர்பாராத நேரங்களில், தினமும் மாற்றி. அடித்ததும் மூன்றே குறிப்பு: என்ன செய்கிறேன், யாரோடு, 0 முதல் 10க்குள் எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஞாயிறு இரவு, குறிப்பைப் பார்க்காமல், அந்த வாரத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதுங்கள். பிறகு சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இது கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. ஐந்தையும் ராத்திரி சேர்த்து எழுதினால் மறுபடி நினைவுதான் எழுதுகிறது, வீண். வேலை மும்முரத்தில் அலாரத்தைத் தள்ளினால் மும்முரமான நேரங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும்; பலருக்கு அவைதான் நல்ல நேரங்கள். முதல் இரண்டு நாள் எண்கள் தடுமாறும், அவற்றை விட்டுவிடலாம். 70 குறிப்பில் 50க்குக் கீழே போனால் மறுபடி தொடங்குங்கள்.

எண் குறைந்த இடத்தை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். வயதானவரைக் கவனிக்கும் மணிநேரம், கடினமான ஒன்றைக் கற்கும் மணிநேரம் பெரும்பாலும் 4, 5 தான் வாங்கும். நல்ல வாழ்க்கை என்பது இன்பத்தின் கூட்டுத்தொகை அல்ல, ஆற்றல்களை நன்றாகச் செயல்படுத்துவது என்ற அரிஸ்டாட்டிலின் பக்கம்தான் நான். எண் குறைவு, ‘இதை ஏன் செய்கிறேன்’ என்பதற்கும் பதில் இல்லை. அப்படிப்பட்ட வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். சலிப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும்.

கேள்வி: விரும்பிய அனுபவம் எல்லாம் தரும் இயந்திரம் இருந்தால் அதில் ஏற மறுப்போம், ஆகவே இன்பம் மட்டும் நமக்குப் போதாது என்கிறார்களே. ஏற்கலாமா?

பதில்: தத்துவவாதி ராபர்ட் நோஸிக் 1974இல் சொன்ன வாதம். முடிவு சரியாக இருக்கலாம், சோதனையில் ஓட்டை இருக்கிறது. ஃபெலிப்பே டி பிரிகார்ட் 2010இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: ‘நீங்கள் ஏற்கனவே இயந்திரத்தில்தான் இருக்கிறீர்கள், வெளியே வருகிறீர்களா?’ உண்மை மட்டுமே முக்கியம் என்றால் எல்லோரும் வெளியே வந்திருக்க வேண்டும். வெளியே நீங்கள் பெரும் பணக்காரக் கலைஞர் என்று சொன்னபோதும் ஏறக்குறைய பாதிப் பேர் உள்ளேயே இருக்க விரும்பினார்கள். ஆக, நோஸிக்கின் கேள்விக்கு ‘மாட்டேன்’ என்றவர்களில் பலரைப் பிடித்து வைத்தது உண்மை மேல் உள்ள பற்றாக இல்லாமல், இருக்கும் இடத்தை விட விரும்பாத பழக்கமாகவும் இருக்கலாம்.

இந்தத் திருப்பிப் போடும் வேலையை உங்கள் முடிவுகளிலும் செய்யலாம். வேலையை விடத் தயக்கம் என்றால், புதிய வேலையில் ஏற்கனவே இருப்பதாக வைத்துக்கொண்டு, இன்றைய வேலையை இதே சம்பளம், இதே நேரம், இதே மேலதிகாரியோடு யாராவது கொடுத்தால் ஏற்பீர்களா என்று கேளுங்கள். மாற்றத்தின் செலவைத் தனித் தாளில் எழுதுங்கள்: எத்தனை மாத வருமானம், யாருக்கு என்ன சிரமம். அதை முதல் கேள்வியோடு கலந்தால் பழக்கம் செலவின் வேடத்தில் உள்ளே வந்துவிடும். முதல் விடை ‘மாட்டேன்’, செலவும் தாங்கக்கூடியது என்றால், உங்களை அங்கே நிறுத்தி வைத்திருப்பது பழக்கம்தான்.